ஒன்றரை வயசு புள்ளய வச்சிக்கிட்டு கிறிஸ்மஸ் லீவுக்கு எங்க போறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல கிறிஸ்மஸ் லீவுக்கு நம்ம மலேசியாவுல குடும்பத்தோட போயிட்டு வர இடம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, படமெல்லாம் நல்லா தான் இருந்திச்சி, கெந்திங், கேமரன் மலை, லங்காவி, கிழக்குக் கரைத் தீவுன்னு வரிசையா. எங்க வீட்ல மருமக படிச்சி, மகன் படிச்சி, ரெண்டு பேரும் ஹேண்ட்போன எடுத்து அப்பவே ரூம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. நானும் கண்ணாடிய போட்டு படிச்சேன். எழுதுனவரு நடக்கத் தெரிஞ்ச, பசிச்சா வாய தொறந்து கேக்கத் தெரிஞ்ச ஆளுங்கள மட்டும் தான் குடும்பத்துல சேத்தாரு போல, கைப்புள்ள உள்ள வீட்டுக்கு அதுல ஒரு வரி கூட இல்ல. அதுக்குத் தான் இந்தக் கடிதம். நீளமா போனா வெட்டிக்குங்க, ஆனா கார் சீட் பத்தி எழுதுன எடத்த மட்டும் வெட்டிடாதீங்க.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல ஆயாக்கொட்டகையில பல வருஷம் வேல பாத்தவ. இருட்டோட ரப்பர் மரத்துல பால் எடுக்கப் போற தாய்மாருங்க தூங்குற புள்ளய அப்படியே தோள்ல போட்டுக் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க, வெயில் ஏறித்தான் திரும்புவாங்க, அதுவரைக்கும் அத்தன புள்ளைங்களும் எங்க கையில தான். அதனால நடக்க ஆரம்பிச்ச புள்ளைங்க எப்படின்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். அந்த வயசுல புள்ளைக்கு ஊர் தெரியாது, மல தெரியாது, ஸ்டார் ஹோட்டல் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் தூக்கம், பசி, அப்புறம் அம்மா எங்க இருக்கா. இந்த மூணுல எது தவறுனாலும் பயணம் அதோட முடிஞ்சிச்சி.

எங்க வீட்ல பேரனுக்கு மத்தியானம் சோறு ஊட்டுன கையோட தூக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன கணக்குப்படி ஒன்னுல இருந்து ரெண்டு வயசு புள்ளைக்கு பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துல இருந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும். இப்ப ஹோட்டல பாருங்க, நெறைய எடத்துல மூணு மணிக்குத் தான் செக்-இன், திரும்புற அன்னைக்கு பன்னண்டு மணிக்கெல்லாம் ரூம காலி பண்ணணும். அதாவது போற அன்னைக்கும் வர அன்னைக்கும் புள்ள தூங்குற நேரத்துல கையில ரூமே இருக்காது. காலையில கெளம்பி பன்னண்டு மணிக்குப் போய் சேந்துட்டு லாபியில சோபாவுல ஒக்காந்திருக்கிற குடும்பங்கள பாத்திருப்பீங்க, புள்ள கத்தும், அப்பா கவுண்டர்ல போய் ரூம் ரெடியா ரெடியான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு, தாத்தா பாட்டி பக்கத்துல சாப்பாட்டுக்கட எங்கன்னு தேடுவாங்க, சாயந்தரம் ரூம் கெடைக்கிறப்ப புள்ள தூங்கிடும், அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு முழிச்சிக்கிட்டு விளையாடக் கூப்புடும். நான் மருமககிட்ட சொன்னது இதான்: வீட்லயே சோறு குடுத்து காடியில ஏத்து, தூங்கிக்கிட்டே வரட்டும், மூணு மணிக்கு போய் எறங்கு. எங்க போறதுங்கறத விட எத்தன மணிக்கு போறதுங்கறது தான் மொத கேள்வி. ஒரு தூக்கத்துக்குள்ள போய் சேர முடியாத ஊர் இந்த வருஷத்துக்கு வேணாம், அந்த ஊர் எங்கயும் ஓடிடாது.

என்னைக்குப் போறதுன்னும் ஒரு சண்ட இருக்கு. இந்த 2026ல டிசம்பர் 25 வெள்ளிக்கிழமையில வருது, மூணு நாள் சேந்தாப்ல லீவு, பள்ளிக்கூடத் தவணையும் மறுபடி ஜனவரிக்கே வந்துட்டதால டிசம்பர்ல பெரிய லீவு வேற. நாட்டுல உள்ள பாதி காடி அந்த மூணு நாளும் ஹைவேல தான் நிக்கும். ஒன்றரை வயசு புள்ளைக்கு என்ன ஸ்கூலா இருக்கு? அம்மா அப்பாவுக்கு லீவு கெடச்சா திங்கள் 28 கெளம்பி புதன் 30 திரும்பிடலாமே, ரூம் வெலையும் சனி ஞாயிறு அளவுக்கு இருக்காது. கோயில்ல குடிலும் அப்ப அப்படியே தான் இருக்கும், மூணு ராஜா திருநாள் முடியற வரைக்கும் யாரும் பிரிக்கப் போறதில்ல.

இதுல எனக்கு சொந்த ஆசையும் உண்டு, மறைக்கல. 24ம் தேதி ராத்திரி வீட்ல ஆள் இருக்கணும். கேரல் பாடுற பசங்க வருவாங்க, பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்கு முறுக்கும் நெய் உருண்டையும் கேக்கும் தட்டுல வச்சி அனுப்பணும், அவங்க தீவாளிக்கு அனுப்புன தட்டு இன்னும் எங்க வீட்ல தான் இருக்கு. வீட்ட பூட்டிட்டு எங்கயோ ஹோட்டல்ல போய் பஃபே சாப்புடறதுக்குப் பேரு கிறிஸ்மஸா? நான் பழைய ஆளு, அப்படித் தான் பேசுவேன். ஆனா புள்ளய நடுராத்திரி பூசைக்கு தூக்கிக்கிட்டுப் போகணும்னு நான் சொல்லல. நெறைய கோயில்ல 24 சாயந்தரமே ஒரு பூசை வைக்கிறாங்க, அதுக்கு போயிட்டு வந்து படுக்க வச்சா போதும், யேசு பாலன் கோவிச்சிக்க மாட்டாரு.

இப்ப கார் சீட். யார் யார் போறதுன்னு பேசறதுக்கு முன்னாலயே இத பேசிடணும். 2020 ஜனவரி 1ம் தேதியில இருந்து நம்ம நாட்டுல சொந்தக் காடியில சின்னப் புள்ளைங்கள ஏத்துனா கார் சீட்ல தான் ஒக்கார வைக்கணும்னு சட்டம். ஆனாலும் டவுன்ல பாருங்க, முன் சீட்ல அம்மா மடியில புள்ள, சில பேரு ஸ்டேரிங்க புடிக்க விட்டு வீடியோ வேற எடுக்கறாங்க. எங்க சம்பந்தி அம்மா கூட, "நான் எத்தன புள்ள வளத்தவ, மடியில எறுக்கி புடிச்சிக்கிறேன், அந்த நாற்காலி வேணாம், புள்ள அழுவுது"ன்னாங்க. நான் சொன்னேன், "சம்பந்தி, நீங்க பாசத்துல புடிப்பீங்க, பிரேக் அடிச்சா பாசம் நிக்காது." பத்து கிலோ புள்ளய ஓடுற காடி சட்டுனு நிக்கிறப்ப கையால புடிச்சி நிறுத்த எந்த மனுசனாலயும் முடியாது, அம்மா பெல்ட் போடாம இருந்தா அவங்க எடையும் சேந்து புள்ள மேல தான் விழும். அழுதா ரெண்டு நாள் அழும், லீவுக்கு மூணு வாரம் முன்னாலயே பசாருக்கு போறப்ப வர்றப்ப ஒக்கார வச்சி பழக்கிட்டா அது பாட்டுக்கு ஒக்காந்துக்கும். ஒன்னு சொல்லிடுறேன், ஆர்129னு பாதுகாப்புத் தர முத்திர போட்ட சீட்டா இருந்தா பதினஞ்சு மாசம் தாண்டற வரைக்கும் கண்டிப்பா பின்பக்கம் பாத்து தான் வைக்கணும், அதுக்கு அப்புறமும் புள்ள ஒசரம் எடமிருக்கிற வரைக்கும் அப்படியே இருந்தா நல்லது, கழுத்துக்கு பாதுகாப்பு. அவசரப்பட்டு முன்னுக்கு திருப்பாதீங்க.

இதுல இன்னொரு கணக்கு இருக்கு. நம்ம ஆளுங்க வீட்ல நெறைய பேரு வச்சிருக்கிறது மைவிங்கற சின்ன காடி. பின்னுக்கு கார் சீட் ஒன்னு ஏறிட்டா மிச்ச எடத்துல ரெண்டு பெரியவங்க ஒக்காந்தா மூச்சு முட்டும், ஸ்ட்ரோலர், பாம்பர்ஸ் பேக், பால் டின், சுடுதண்ணி பிளாஸ்க் எல்லாம் காடி பின்பக்க டிக்கியில அடைச்சா துணிப்பைக்கு எடமில்ல. அதனால யாரு காடியில, யாரு ரயில்லன்னு பேசித் தான் ஆகணும். இங்க தான் உங்க பக்கத்துல வராத ஒரு விசயத்த சொல்லப் போறேன்: கோலகங்சார்ல ஈடிஎஸ் மின்சார ரயில் ஏறுனா அடுத்த கொஞ்ச நேரத்துல தைப்பிங். நடுவுல ரயில் போற புக்கிட் பெராபிட் சுரங்கப்பாத வரும், 3.3 கிலோமீட்டர், உள்ள போனதும் ஜன்னல் இருட்டாயிடும், புள்ள கண்ணு ரெண்டும் விரியும். இந்த வயசுக்கு கெந்திங் தீம் பார்க்க விட இது பெரிசு.

அப்ப எங்க போறதுன்னு கேட்டா, இங்கருந்து என் ஓட்டு தைப்பிங்குக்குத் தான். ரோட்டுல போனாலும் ஹைவேக்கே ஏற வேணாம், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் வழியா பழைய ரோட்டுலயே போயிடலாம், சுமாரா ஒரு மணி நேரம், சரியா ஒரு தூக்கம். ஏரிப் பூங்கா ஒரு காலத்துல ஈயம் தோண்டுன பள்ளம், 1880ல பூங்காவாக்குனாங்க, அந்தப் பெரிய மழ மரங்க ரோட்ட தாண்டி தண்ணியில போய் கெளைய நீட்டிக்கிட்டு நிக்கும், அடியில நெழலு, ஸ்ட்ரோலர் தள்ள சமமான எடம். பக்கத்துலயே 1961ல ஆரம்பிச்ச மிருகக்காட்சி சால. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னால உள்ள போயி பதினோரு மணிக்கெல்லாம் வெளிய வந்துடணும், முழுசா பாக்கணும்னு பேராசப்படக் கூடாது, புள்ள புலிய பாக்காம தரையில போற எறும்ப பாத்துக்கிட்டு நின்னா நிக்கட்டுமே, டிக்கெட் காசு வீண்னு கைய புடிச்சி இழுக்காதீங்க. ராத்திரி சஃபாரியும் இருக்கு, அது இந்த வயசுக்கு வேணாம். ஒன்னு மட்டும், தைப்பிங்ல மழ பெய்யும். அந்தக் காலத்துல இன்னைக்கு மழ வருமா வராதான்னு பந்தயம் கட்டுன ஊரு அது. அதனால சாயந்தரத்துக்கு எந்தத் திட்டமும் போடாதீங்க, ரூம்ல விளையாடட்டும்.

நீங்க போட்ட மத்த எடங்களப் பத்தியும் சொல்லிடுறேன். கிழக்குக் கரையில பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுப் பக்கம் டிசம்பர்ல பருவமழக் காலம், கடல் கொந்தளிப்பு, ரிசார்ட் பெரும்பாலும் மூடிடுவாங்க, அத எப்படி கிறிஸ்மஸ் பக்கத்துல போட்டீங்கன்னே எனக்குப் புரியல. கேமரன் நல்ல எடம் தான், ஆனா தாப்பா வழி வளைவு வளைவா போகும், சிம்பாங் பூலாய் வழி ரோடு அகலம், எங்களுக்கு கிட்டவும் அதான். லீவு நாள்ல கியா ஃபார்ம் கிட்ட ஜாம்ல மாட்டுனா நடுரோட்டுல பாம்பர்ஸ் மாத்த வேண்டியது தான், ராத்திரி குளிருக்கு ஒரே ஒரு தடிச்ச சட்டைக்குப் பதிலா ரெண்டு மூணு மெல்லிசா போட்டு விடணும். மல ஏறுறப்ப காதடைச்சா பெரியவங்க எச்சி முழுங்குவோம், புள்ளைக்கு அது தெரியாது, அதனால ஏறுற நேரத்துலயும் எறங்குற நேரத்துலயும் போத்தல்ல கொஞ்சம் பாலோ தண்ணியோ குடிக்கக் குடுங்க, கெந்திங்குக்கும் இதே தான்.

கேம்ப்பிங் வேணாம். இப்ப சின்னவங்களுக்கு ஆத்தோரம் மல அடிவாரம்னு கூடாரம் போடுறது ஒரு மோகமா இருக்கு. 2022 டிசம்பர் 16 பத்தாங் காலிங்கற ஊர்ல கூடாரம் போட்ட எடத்துல மண் சரிஞ்சி 31 பேர் போனாங்க, பள்ளி லீவுக்கு வந்த புள்ளைங்களும் அதுல இருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர்ல ஷா ஆலாம்லயே வெள்ளம் வீட்டுக் கூர வரைக்கும் வந்திச்சி. டிசம்பர் மழய நம்பி கைப்புள்ளயோட ஆத்தோரம் படுக்கறது தைரியம் இல்ல. ரூம் புக் பண்ணுனாலும் கேன்சல் பண்ணுனா காசு திரும்பி வர மாதிரி பாத்து பண்ணுங்க, பத்து இருவது வெள்ளி கூட ஆனாலும் பரவால்ல. புள்ளைக்கு மொத நாள் ராத்திரி காச்சல் வந்தாலும் அது தான் கை குடுக்கும்.

பைல என்ன வைக்கிறதுன்னு தாய்மாருங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கவர்மென்ட் கிளினிக்ல மிஸ்ஸி, அதான் நர்ஸ், எழுதிக் குடுக்குற புக்கு, ஆம்பள புள்ளைக்கு நீலம், பொம்பள புள்ளைக்கு ரோஸ், அத மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க, ஊசி போட்டது, எடை எல்லாம் அதுல இருக்கும், வெளியூர் டாக்டருக்கு அத காட்டுனா போதும், காச்சல் மருந்து அளவு எடைய வச்சி தான் சொல்லுவாரு. ஹோம்ஸ்டேன்னா அடுப்பு இருக்கிறதா பாருங்க, கஞ்சி வச்சிக்கலாம். போய் எறங்குன உடனே அம்மா சாமான பிரிக்கட்டும், அப்பா தரையில குந்தி புள்ள ஒசரத்துக்கு ஒரு சுத்து சுத்தி வரட்டும்: மாடிப்படிக்கு தடுப்பு இருக்கா, பால்கனி கம்பிக்கு நடுவுல தல நொழையுமா, பிளக் பாய்ன்ட் எங்க இருக்கு, பாத்ரூம்ல வாளியில தண்ணி நிக்குதா, நீச்சல் கொளத்துக்கு கதவு பூட்டுதா. ஆயாக்கொட்டகையில நாங்க காலையில வாளிய கவுத்து வச்சிட்டுத் தான் மத்த வேலைய தொடுவோம், இந்த வயசு புள்ள மூழ்க ஒரு சாண் தண்ணி போதும்.

இப்ப உங்ககிட்ட என் கோரிக்க. அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போடுறப்ப ஒவ்வொரு எடத்துக்குக் கீழயும் நாலு வரி சேத்துப் போடுங்க: பாம்பர்ஸ் மாத்த தனி அறை இருக்கா, ஸ்ட்ரோலர் போகுமா இல்ல படியா, புள்ள படுக்க சின்னக் கட்டில் குடுப்பாங்களா அதுக்குத் தனிக் காசா, கிட்டத்துல எந்த ஆஸ்பத்திரி. ஹைவேல காடிய நிறுத்தி இளைப்பாறுற எந்தெந்த ஆர் அண்ட் ஆர்ல புள்ளைக்கு பால் குடுக்க மறைவா அறை இருக்குன்னு ஒரு பட்டியல் போட்டா இன்னும் நல்லது, உங்க நிருபர் ஒருத்தர் நேர்ல போய் பாத்து எழுதட்டும், முடிஞ்சா ஒன்றரை வயசு புள்ள உள்ள நிருபரா பாத்து அனுப்புங்க.

எங்க வீட்ல மகன் இன்னும் லங்காவி லங்காவின்னு தான் சொல்லிக்கிட்டிருக்கான். மருமக பாதி தைப்பிங் பக்கம் வந்துட்டா. இந்தக் கடிதத்த இந்த மாசத்துக்குள்ள போட்டீங்கன்னா மீதிப் பாதியும் வந்துடும்.

இப்படிக்கு,
முன்னாள் ஆயா ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்