பசிக்கவில்லை என்கிறாள்

தஞ்சாவூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்ரா,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருடைய முட்டிவலி வழக்கம்போல், மாடி ஒழுகல் வழக்கம்போல். எழுத உட்கார்ந்தது நிவேதாவைப் பற்றி.

ஏழாம் மாதம் முடியப்போகிறது. எங்கள் சம்பந்தியம்மாவை உனக்குத்தான் தெரியுமே. வாயும் வயிறுமாக இருக்கிறவள் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார். கேட்காததையும் கொடுப்பார் என்பதுதான் சிக்கல். வாரம் தவறாமல் ஒரு தூக்கு வந்து இறங்கும்: அதிரசம், பாதுஷா, நெய் சொட்டும் பாசிப்பருப்பு உருண்டை. 'இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டாமா?' டாக்டரம்மா கணக்கோ வேறு. முதல் மூன்று மாதம் கூடுதலாக எதுவுமே தேவையில்லையாம். பிறகு நாளொன்றுக்கு 350 கலோரி போலப் போதுமாம். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அந்த இரண்டாவது உயிரின் பங்கு அவ்வளவுதான்!

கல்யாணத்தின்போதே அவள் பூசின உடம்பு. 68 கிலோவில் ஆரம்பித்தாள். அவள் உயரத்துக்கு அது அதிகம் என்பதால் பத்து மாதத்துக்கும் சேர்த்து 7 முதல் 11.5 கிலோ வரை ஏறினால் போதும் என்றார்கள். ஆறாம் மாதத்திலேயே 9 ஏறிவிட்டது. அந்த மாதம்தான் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டும். 156. கர்ப்பகாலச் சர்க்கரை.

இதுவரை கேட்டால் தின்று தீர்த்த கதை என்று நினைப்பாய். எனக்கு உறக்கம் போனது அதற்குப் பிறகுதான்.

சாப்பாட்டைத் திருத்தி எழுதிக்கொடுத்தார்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் நடை. பட்டினி கூடவே கூடாது, படுக்கும்முன்கூட ஏதாவது கொஞ்சம். (கேழ்வரகுக் கஞ்சிக்குச் சர்க்கரை ஏறாது என்று சம்பந்தியம்மா ஒரு சொம்பு கொடுத்தார். அன்றைக்கு 158! மாவாக அரைத்துக் காய்ச்சினால் எந்தத் தானியமும் சீக்கிரம் ஏறத்தான் செய்யும். அவரிடம் அதை யார் சொல்வது?) கூடவே அந்த நர்ஸ் ஒரு வார்த்தை சொன்னாள்: 'கட்டுப்படாவிட்டால் இன்சுலின்தான்.'

அந்த வார்த்தை அவள் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. விரலைக் குத்திக் குத்தி ஒரு நோட்டில் எழுதுவாள். வெறும் வயிற்றில் 82, சாப்பிட்டபின் 101, 97, 99. பள்ளிக்கூட மார்க்கைப் போல் எல்லோரிடமும் காட்டுவாள். நாங்களும் மெச்சினோம். போன வாரம் டாக்டரம்மா அந்த நோட்டைப் பார்த்தார், எடை எந்திரத்தைப் பார்த்தார், நோட்டை மூடி வைத்துவிட்டார். இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. சிறுநீரில் கீட்டோன். சோறு போதாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறதாம். 'ராத்திரி என்னம்மா சாப்பிடுகிறாய்?' என்றார். அரை டம்ளர் மோர். எங்களிடம் பசிக்கவில்லை என்பாள், நாங்களும் மசக்கையின் மிச்சம் என்று விட்டுவிடுவோம்.

பிள்ளைக்கு ஊசிமருந்து போய்விடும் என்று பயம். தாயின் சர்க்கரைதான் நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகும், அதனால்தான் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கிறது. இன்சுலின் அப்படித் தாண்டாது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். தலையாட்டினாள். ராத்திரி மறுபடியும் மோர். எடையைக் குறைக்கவா சொன்னார்கள்? ஏறுகிற வேகத்தைத்தானே குறைக்கச் சொன்னார்கள். நான் சொன்னால் அழுகிறாள். மாப்பிள்ளை சொன்னால் கோபம் வருகிறது.

நீ சொன்னால் கேட்பாள். நரேனைச் சுமந்தபோது ஊசியைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து பேங்குக்குப் போனவள் நீ. அந்த ஆறடிப் பயலைப் பற்றியும் சொல். பிரசவமான ஆறாவது வாரம் திரும்பப் பரிசோதித்ததையும், இன்றுவரை வருஷா வருஷம் பார்த்துக்கொள்வதையும் மறைக்காதே, மூடிமறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

வளைகாப்பு ஒன்பதாம் மாதம். கட்டாயம் வா. உன் மைசூர்பாகு மட்டும் வேண்டாம், காரணம் இருவருக்கும் தெரியும். ஃபோனை ராத்திரி எட்டு மணிக்குப் போடு. அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற நேரம் அது.

உமா