விரிடி வாங்க வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மழை விட்டதும் மார்கழிப் பட்டத்து மணிலா (நிலக்கடலை) விதைப்புக்கு வரத் தொடங்கிவிடுவீர்கள். இந்த முறை, மண்ணிலிருந்து வரும் அழுகல் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சாணப் பொடியைக் கேட்டால் பாக்கெட்டை உடனே எடுத்து நீட்ட மாட்டோம். என்ன பயிர், விதையில் வேறு மருந்து கலந்தாயிற்றா, என்றைக்கு விதைப்பு என்று நாலு கேள்வி கேட்போம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன பட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு விரிடியையும் கார்பென்டசிமையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டோம். அவர் இரண்டையும் சேர்த்தே விதையில் புரட்டியிருக்கிறார். பூ பிடிக்கிற நேரத்தில் கொல்லை முழுக்கச் சொட்டை சொட்டையாகச் செடி செத்தது. கார்பென்டசிம் பூஞ்சாணக் கொல்லி. விரிடியும் ஒரு பூஞ்சாணம்தான். அதை முதலில் கொன்றுவிட்டது. வந்த தண்டழுகலோ கார்பென்டசிமுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத சாதி. காசு வாங்கிக்கொண்டு சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு.

அந்தச் செடி ஒன்றை வேரோடு கொண்டுவந்து காட்டினார். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை நூல். அதில் கடுகைத் தூவியது போலப் பழுப்பு உருண்டைகள். அந்தக் 'கடுகு'தான் நோயின் விதை. செடி மக்கிப் போனாலும் அது மண்ணில் வருடக் கணக்கில் கிடந்து அடுத்த மணிலாவுக்குக் காத்திருக்கும். விரிடி செய்கிற வேலை இங்கேதான். அதன் இழை நோய்ப் பூஞ்சாணத்தின் இழையைக் கொடி போலச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளை விட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். கடுகையும் துளைத்து உள்ளே போகும். ஒரு பூஞ்சாணம் இன்னொன்றைத் தின்பதை 1932-லேயே ஆராய்ச்சியில் கண்டு எழுதிவிட்டார்கள். நம் கடைக்குத்தான் தாமதமாக உறைத்தது.

ஆகவே இது உயிருள்ள சரக்கு. பாக்கெட்டில் கிராமுக்கு 20 லட்சம் பூஞ்சாண உயிர் என்று அச்சிட்டிருப்பது தயாரித்த சமயத்துக் கணக்கு. வெயிலில் கிடந்தால் குறைந்துகொண்டே போகும். நாங்களும் முன்பு தகரக் கூரைக்கடியில் அடுக்கி வைத்திருந்தோம். இப்போது உள்ளறைக்கு மாற்றிவிட்டோம். தயாரித்து நான்கு மாதம் தாண்டியதை விற்பதில்லை. நீங்களும் தேதி பார்த்துக் கேளுங்கள், எந்தக் கடையானாலும்.

விதை நேர்த்திக்குக் கிலோ மணிலாப் பருப்புக்கு 4 கிராம். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்றால் 200 கிராம் போதும். நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியைக் கொஞ்சமாகத் தெளித்து, பவுடரைத் தூவி, கையால் மெதுவாகப் புரட்டுங்கள். வேகமாகத் தேய்த்தால் பருப்பின் தோல் உரிந்துவிடும், அப்புறம் முளைப்பே போய்விடும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். ரைசோபியமும் (தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) போடுவதாக இருந்தால் விரிடிக்குப் பிறகு போடலாம், இரண்டும் ஒத்துப்போகும்.

மண்ணில் இட ஏக்கருக்கு 1 கிலோ விரிடியை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலக்க வேண்டும். பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில், மரநிழலில் சாக்கு போட்டு மூடி வையுங்கள். சில நாளில் வெள்ளை நூலோடி, பிறகு பச்சை பூக்கும். பூசணம் பிடித்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். நமக்கு வேண்டியதே அந்தப் பச்சைதான். யூரியாவோடு கலந்து வீசவும் வேண்டாம்.

இதற்கு ஆகாத வேலையும் உண்டு. மணிலா இலையில் வரும் டிக்கா என்ற புள்ளி நோய்க்கும் துரு நோய்க்கும் இதை வாங்காதீர்கள். தண்ணீர் தேங்கிய கொல்லைக்கு முதலில் வடிகால் வெட்டுங்கள். கத்தரி திடீரென்று வாடினால் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால் போலக் கசிந்தால் அது பாக்டீரியா வாடல்; அதற்கு விரிடி விற்க மாட்டோம்.

வாடிய செடி எதுவானாலும் வேர் மண்ணை உதறாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள் வெந்து குழைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியத்தோடு கடை அடைப்போம்.

இப்படிக்கு,
உங்கள் உரக்கடைக்காரர்,
கடலூர்