மூணே முக்கால் பவுண்டு

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. பேத்தி வளர்க்கும் நாய்க்குட்டி இளைத்துக்கொண்டே போகிறது, அவள் கவலையே படாமல் இருக்கிறாள் என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருக்கிறாய். குட்டி இளைக்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. முதலில் காபியைக் குடி, அப்புறம் மேலே படி.

குட்டியின் எடை போன ஞாயிறு 3.9, இந்த ஞாயிறு 3.12 என்று குறித்திருக்கிறாய். அவள் போனில் சொன்னது ‘த்ரீ நைன்’, ‘த்ரீ ட்வெல்வ்’. நடுவில் புள்ளி வைத்தது நீ! அது 3 பவுண்டு 9 அவுன்ஸ், 3 பவுண்டு 12 அவுன்ஸ். பவுண்டுக்கு 16 அவுன்ஸ், நம் பழைய ரூபாய்க்கு 16 அணா மாதிரி. 1957இல் நயா பைசா வந்தபோது நாம் மூன்றாம் வகுப்பு. அதற்கு முன்னால் 3 ரூபாய் 9 அணா, 3 ரூபாய் 12 அணா ஆனால் குறைந்துபோச்சு என்று உன் பாட்டி சொல்லியிருப்பாளா? பன்னிரண்டு அணா என்றால் முக்கால். அப்படியென்றால் குட்டி இப்போது மூணே முக்கால் பவுண்டு, ஏறக்குறைய 1,700 கிராம். ஒரு வாரத்தில் 85 கிராம் கூடியிருக்கிறது. குட்டி சிவாவா என்ற மிகச் சிறிய நாய் இனம்; முழுதாக வளர்ந்த சிவாவாவே 6 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது நாய் இனங்களுக்கு அளவு வகுக்கும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இலக்கணம். அந்த உடம்புக்கு இது நல்ல ஏற்றம்.

ஆனால் உன் புள்ளியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில தராசுகள் அவுன்ஸே காட்டாது, பவுண்டை தசமத்தில் காட்டும். அதில் 3.75 என்று வந்தால்தான் 3 பவுண்டு 12 அவுன்ஸ். 3.12 என்று வந்தால் 3 பவுண்டுக்கு மேல் இரண்டு அவுன்ஸ்கூட முழுசாக இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 16ஆல் பெருக்கினால் அவுன்ஸ் கிடைக்கும். இதையெல்லாம் விட, தராசில் யூனிட் பொத்தானை அழுத்தி கிராமுக்கு மாற்றிவிட்டு, கிராமிலேயே எழுதி வைக்கச் சொல். நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், பவுண்டும் அவுன்ஸும் எனக்குப் பழகிவிட்டன. ஆனாலும் இரண்டு கிலோகூட இல்லாத ஜீவனுக்கு கிராம்தான் சரி.

இங்கேகூட மாட்டு டாக்டர்கள் (நாய் டாக்டரையும் அப்படிச் சொல்லித்தானே நமக்குப் பழக்கம்!) மருந்தை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். பவுண்டைக் கிலோ என்று நினைத்துவிட்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். உண்ணிக்குப் போடும் சொட்டு மருந்தும் எடைக்கு ஏற்றபடி தனித்தனி டப்பாக்களில்தான் விற்கிறது.

எப்படி நிறுக்கிறாள் என்று கேட்டாயா? நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தான் மட்டும் நின்று, கழிப்பது பெரிய நாய்க்கு ஓடும். ஆள் நிற்கும் தராசுகளில் பல 0.2 பவுண்டு தாவித் தாவித்தான் காட்டும், அதாவது 90 கிராம். குட்டி ஒரு வாரத்தில் ஏறிய 85 கிராம் அதற்குள்ளேயே காணாமல் போய்விடும். இரண்டு தடவை ஏறி இறங்கினால் பிழையும் இரட்டிப்பு. இவளிடம் அவுன்ஸ் கணக்கு சுத்தமாக வருகிறது என்றால் சமையலறைத் தராசில்தான் வைத்திருக்க வேண்டும். கெட்டிக்காரி. பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, பூஜ்யம் ஆக்கிவிட்டு, குட்டியை உள்ளே விடணும். தரைவிரிப்பின் மேல் தராசை வைக்கக் கூடாது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடணும். காலையில் வெளியே போய்விட்டு வந்தபின், சாப்பாட்டுக்கு முன்னால், அதே நேரத்தில். ஆடிக்கொண்டே இருந்தால் குழந்தைத் தராசு நல்லது, அது எண்ணைப் பிடித்து நிறுத்திக் காட்டும்.

எங்கள் ஜிம்மி கதை உனக்குத் தெரியாதே. போன வருஷம் 3.1 கிலோவிலிருந்து 2.8க்கு இறங்கினான். பொமரேனியன், ரோமத்துக்குள்ளே இளைப்பு கண்ணுக்கே தெரியவில்லை. உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போயிருந்தது. தராசு சொன்ன பிறகு டாக்டரிடம் போனோம், கடைவாய்ப் பல்லில் சீழ். இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். இப்போது மறுபடி 3 கிலோ, திமிரும் திரும்பிவிட்டது.

உன் பேத்தியிடம் எடையைவிட முக்கியமாக ஒன்று சொல். இந்த அளவுக் குட்டிகள் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். தள்ளாடினாலோ நடுங்கினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடணும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை கொடுக்கச் சொல்.

இன்னொன்று, நீ தினமும் டிவியில் பார்க்கிற தங்க அவுன்ஸை இதில் கலந்துவிடாதே. தங்க அவுன்ஸ் 31.1 கிராம், நாய் அவுன்ஸ் 28.35. பால் புட்டியில் போட்டிருக்கும் அவுன்ஸ் கொள்ளளவு, அதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. யார் இப்படிக் குழப்பி வைத்தார்களோ!

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. மார்கழியில் பத்து நாள் ஸ்ரீரங்கம் வரலாம் என்றிருக்கிறேன், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு முன்னால் வந்தால் நிம்மதியாகப் பேசலாம். உன் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? அதற்கேற்றபடி டிக்கெட் போடுகிறேன். குட்டிக்குப் பெயர் வைத்தாயிற்றா, இல்லையா? அதையும் எழுது.

அன்புடன்,
கமலா