பற்றவைப்பதற்கு முன் தகடு வளைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மாதிரி ரயில் எஞ்சின் கட்டுரை, பித்தளைத் தகட்டிலிருந்து பாகங்களைப் பிரித்தெடுத்து, மடித்து, பற்றவைத்தால் எஞ்சின் தயாராகிவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. புதிதாகத் தொடங்குவோர் விலை உயர்ந்த பாகங்களைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் பற்றவைக்கும்போது அல்ல, அதற்கு முன்பு தகட்டுக்கு உருக்கொடுக்கும்போதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

மடிப்பது எளிது. அமிலத்தால் பாதி ஆழம் அரிக்கப்பட்ட கோடு உட்புறம் அமையுமாறு மடித்து, அந்த மூலையில் ஈயம் ஓட்டினால் உறுதியாக நிற்கும். கொதிகலனின் உறைதான் பொறுமையைக் கேட்கும். நிஜ எஞ்சினின் ஓர் அடிக்கு மாதிரியில் 4 மி.மீ. என்ற அளவுத்திட்டத்தில், 5 அடி விட்டமுள்ள கொதிகலன் 20 மி.மீ. குழாயாகச் சுருங்குகிறது. ஆனால் 20 மி.மீ. உருளையிலேயே தகட்டைச் சுற்றினால், கையை எடுத்ததும் அது விரிந்துவிடும். ஆகவே அதைவிடச் சிறிய உருளையைக் கொண்டு, கெட்டியான ரப்பர் விரிப்பின் மேல் அழுத்தி உருட்ட வேண்டும். இரு விளிம்புகளும் தட்டையாகவே நின்றுவிடும் என்பதால் அவற்றை முதலிலேயே வளைத்துக்கொள்வது நல்லது. ரிவெட் ஆணிகளின் தலைகளைப் போலத் தெரியும் புள்ளிகளையும் உருட்டுவதற்கு முன்பே பின்புறமிருந்து குத்தி எழுப்பிவிட வேண்டும்.

வளைக்க வளைக்கப் பித்தளை இறுகும். இறுகியதை மேலும் வற்புறுத்தினால் விரிசல் விடும். வெளிச்சம் குறைந்த இடத்தில், சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல், மங்கிய சிவப்பு தென்படும் வரை சூடேற்றி ஆறவிட்டால் உலோகம் மீண்டும் இளகும். அன்னீலிங் எனப்படும் இந்த இளக்கலை வளைய வேண்டிய பகுதிக்கு மட்டுமே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஞ்சின் அறையின் தட்டையான பக்கங்களையும் இளக்கிவிட்டால், விரல் பட்டாலே குழி விழும்.

நம் நாட்டு எஞ்சின்களைச் செய்ய விரும்புவோருக்கு இந்தத் திறன் இன்னும் அவசியமாகிறது. 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திடமிருந்து முதன்முதலில் வந்த டபிள்யூ.பி. வகைப் பயணிகள் ரயில் நீராவி எஞ்சினின் கூம்பு முகப்பு எல்லாத் திசைகளிலும் வளைந்தது. எந்த உருளையிலும் உருட்டி அதைப் பெற முடியாது. மரக்கட்டையில் குழி செதுக்கி, அதில் தகட்டை வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தட்டி, இடையிடையே இளக்கிக்கொண்டே இறக்க வேண்டும். பாத்திரங்களில் ஒடுக்கு எடுக்கும் தொழிலாளிகளுக்கு இந்தக் கைப்பக்குவம் பழகிய ஒன்று. பெங்களூரில் இத்தொழிலில் இன்னும் இருப்பவர்களிடம் நம் இளைஞர்கள் சில நாட்கள் உடனிருந்து கற்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

அடுத்த ஞாயிறு இணைப்புகளில் ஒன்றில், தகடு உருட்டுவதையும் இளக்குவதையும் படங்களுடன் தமிழில் விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு