போர்வையில் கிடந்த அரிசி மணிகள்

அன்புள்ள மலருக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததும் கேட்டது, பின்னால் சம்பந்தி அம்மா பேசியதும் கேட்டது. ஆதி தூங்கும் கட்டிலில் புழுவா என்று அவர் பதறியதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. பேரன் மேல் உள்ள பாசம் அது. ஆனால் பூனை பிஞ்சுவை “கீழே கொண்டுபோய் விட்டுவிடு” என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பூனைகளுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்வையில் அரிசி மாதிரி ஒட்டியிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக விழுந்தால் லேசாக நெளியும், காய்ந்தால் மஞ்சளாகி எள் மாதிரி சுருங்கிவிடும். பிஞ்சுவின் வாலைத் தூக்கிப் பார், அங்கேயும் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். புழு உள்ளே குடலில் இருக்கிறது. முட்டை நிறைந்த அதன் வால்பகுதிதான் இப்படித் துண்டு துண்டாகக் கழன்று வெளியே வருகிறது.

இது உன் வீடு சுத்தமில்லாததால் வந்தது என்று தயவுசெய்து நினைக்காதே. தப்பு என்னுடையது. பிஞ்சுவை உன் கையில் கொடுத்தவள் நான். எட்டு வாரத்தில் ஒரு தடவை பூச்சி மருந்து கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்த மருந்து உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் உள்ளது. பைரான்டல் என்று பெயர். நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவாண்டல் வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். சில வருஷங்களுக்கு முன்னால் நம் புளோக் பூனை கறுப்பிக்கு இதே மாதிரி வந்தபோது, கடையில் “எல்லாப் புழுவுக்கும் ஆகும்” என்று சொல்லிக் கொடுத்த மருந்தை மூன்று தடவை ஊற்றினேன். அரிசி நின்றபாடில்லை. கடைசியில் விலங்கு மருத்துவர் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நாடாப்புழுவுக்கு ஆகாதே அம்மா என்றார். சரியான மாத்திரை ஒன்று கொடுத்ததும் அடங்கிவிட்டது. அதைத் தெரிந்தும் பிஞ்சு விஷயத்தில் நான் யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

ஆனால் மாத்திரை மட்டும் போதாது. கறுப்பிக்கு இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்தது. காரணம் தெள்ளுப்பூச்சி. நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் குஞ்சுப்புழு தின்கிறது. அது வளர்ந்து பூச்சியாகிப் பூனைமேல் ஏறுகிறது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது அந்தப் பூச்சியை விழுங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குடலில் புதுப் புழு வளர்ந்து துண்டுகள் வர ஆரம்பிக்கும். புழுவைக் கொன்று பூச்சியை விட்டுவைத்தால் நமக்கு முடிவே இல்லை.

அதனால் போர்வை, உறை, பிஞ்சு படுக்கும் துண்டு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைத்துப் போடு. சோபாவின் இடுக்கு, கட்டிலுக்கு அடியில், கம்பளம் எல்லாம் தினமும் வேக்குவம் போட்டு, அந்தக் குப்பையைக் கட்டி உடனே வெளியே போட்டுவிடு. பூனை உடம்பில் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். முட்டையும் கூட்டுப்புழுவும் வீட்டுக்குள்தான் கிடக்கும். நம் சிங்கப்பூர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் வருஷம் முழுக்க அவை பெருகும். பூனையின் கழுத்துக்குப் பின்னால் விடும் தெள்ளுப்பூச்சி மருந்தை மாதாமாதம், மூன்று மாதமாவது விடாமல் போட வேண்டும்.

மலர், இதை நன்றாகக் கவனி. மாப்பிள்ளை வீட்டு நாய்க்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது என்று சொன்னாயே, அதைப் பிஞ்சு பக்கத்திலேயே கொண்டு போகாதே. நாய்க்குப் போடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் அதைத் தாங்கும். பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். அதேபோல யாராவது பூண்டு கொடு, வேப்பிலை அரைத்துக் கொடு என்றாலும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தத்தையே கெடுக்கும்.

ஆதியைப் பற்றித்தான் நீ பயந்தாய். அந்த அரிசித் துண்டு கையில் பட்டதால் அவனுக்கு நாடாப்புழு வராது. பூனை மாதிரியே அவனும் தெள்ளுப்பூச்சியை விழுங்கினால்தான் வரும். குழந்தைகளுக்கு அபூர்வமாக அப்படி வருவதுண்டு, அதற்கும் மருந்து இருக்கிறது. அவனுடைய டயப்பரில் இதே மாதிரி ஏதாவது பார்த்தால் டாக்டரிடம் பூனை வளர்ப்பதைச் சொல்.

என் கவலை வேறு புழுவைப் பற்றியது. உருண்டைப்புழு. இடியாப்ப இழை மாதிரி வெள்ளையாக இருக்கும், சில சமயம் குட்டிகள் அதை வாந்தியே எடுக்கும். தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடுவதால், வீட்டை விட்டு இறங்காத பூனைக்கும் இருக்கலாம். நாய்க்குட்டிக்கோ பிறக்கும் முன்னே வயிற்றிலேயே வந்துவிடும். பிள்ளைகள் அதன் முட்டையை விழுங்கினால் குஞ்சுப்புழு உடம்புக்குள் அலைந்து ஈரல், நுரையீரல், சில நேரம் கண் வரைக்கும் போய்விடும். ஆனால் பூனை கழித்த உடனே அந்த முட்டை தொற்றாது. மண்ணில் இரண்டு வாரம் போல முதிர்ந்தால்தான் தொற்றும், அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் பிஞ்சு கழிக்கும் மணல் தட்டைத் தினமும் நீயே சுத்தம் செய். ஆதி அந்தப் பக்கம் தவழாதபடி குளியலறையில் வைத்துக் கதவைப் போடு. விளையாட்டு மைதானத்து மணலில் விளையாடிவிட்டு வந்தால் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. தோ பாயோ டிராகன் மைதானத்து மணல் அவனுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். போகாதே என்று சொல்லவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 1968-ல் எனக்கு ஒன்பது வயது. செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பில் இருந்தோம். வடிகால் ஓரத்தில் ஒரு நாய் குட்டி போட்டது. அதில் ஒரு குட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். மணி என்று கூப்பிட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வயிறு மட்டும் உப்பி, எலும்பு தெரிந்தது. ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. தார் மாதிரி கறுப்பாகக் கழித்தது. பாட்டி வேப்பிலை அரைத்துக் கொடுத்தார். எனக்குக் குடிக்கத் தந்த பாலை நான் அதற்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் குளிர்ந்து கிடந்தது. ஏதோ கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். நாற்பது வருஷம் கழித்துத்தான் மருத்துவர் ஒருவர் சொல்லித் தெரிந்தது, கொக்கிப்புழுவாக இருந்திருக்கும் என்று. குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும் புழு. நாய்க்குட்டிக்குத் தாய்ப்பாலில் வரும். உடம்பில் உள்ள ரத்தமே கொஞ்சம்தானே, தாங்காது. மருந்து காலத்தில் கிடைத்திருந்தால் மணி பிழைத்திருக்கும். புளோக் புளோக்காக நான் பூனைகளுக்குப் பின்னால் அலைவதைப் பார்த்து அப்பா கோபித்துக்கொள்வாரே, அதற்குக் காரணம் இந்த மணிதான்.

2024 செப்டம்பர் 1-ல் இருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் பூனை வளர்க்கலாம் என்று வந்தபோது முதலில் உனக்குத்தான் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதுவரை இந்தக் குட்டிகளை யாரிடமும் தைரியமாகக் கொடுக்க முடிந்ததில்லை. நீ ஜன்னலுக்கு வலை போட்டு, தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் வைத்து, உரிமமும் எடுத்தாய். அவ்வளவு செய்துவிட்டு ஒரு நாடாப்புழுவுக்காக அதைக் கீழே விடாதே. சம்பந்தி அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பிஞ்சுவை என்னிடம் கொடுத்துவிடு, நான் வளர்க்கிறேன். கீழே மட்டும் வேண்டாம். அப்புறம் இந்தக் கடிதத்தை அவரிடமும் படித்துக் காட்டு. குழந்தைக்காகப் பயப்படுகிறவரிடம் விவரம் சொன்னால் கேட்பார்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு வருகிறேன். மருத்துவரிடம் 10.30-க்கு நேரம் வாங்கிவிட்டேன். அதற்குள் இரண்டு வேலை செய்து வை. பிஞ்சுவைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு நீ மட்டும் நின்று, வித்தியாசத்தை எழுதி வை. எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. அன்று காலைக் கழிவில் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்து மூடி வை. நாடாப்புழு சோதனையில் பல தடவை தெரியாது, அதற்கு உன் படமே போதும். ஆனால் மற்ற புழு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கூண்டு நான் கொண்டு வருகிறேன். அது படுக்கும் பழைய பச்சைத் துண்டைத் துவைத்த பிறகு ஒரு ராத்திரி அதன் பக்கத்திலேயே போட்டு வை. வாசனை ஏறட்டும், வழியில் கத்தாமல் வரும். ஆதிக்குப் பிடித்த ரவா லட்டு செய்துகொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா