பேகன் போர்வையில் தொடங்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். அபாகஸ், கோடிங், கீபோர்டு, நீச்சல், கையெழுத்துப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். பின்னலுக்கும் தையலுக்கும் சேர்த்து ஒரே வரி, அதிலும் ‘பெண் குழந்தைகளுக்கு’ என்று ஒரு குறிப்பு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொடைக்கானலில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோதும் சரி, இப்போது வீட்டு முன்னறையிலும் சரி, பிள்ளைகளுக்கு உல்லன் பின்னல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். குளிர் ஊர் என்பதால் இங்கே அம்மாக்கள் பலருக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரியும். ஆனால் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: “முதலில் ஒரு மஃப்ளர் போடு.” எட்டு வயதுப் பிள்ளைக்கு மஃப்ளர் என்பது முடிவே தெரியாத வேலை. ஒரு சாண் ஆனதும் சலித்துப்போய் ஊசி கட்டிலுக்கு அடியில் போய்விடும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று நாம் பேச ஆரம்பித்துவிடுவோம். அந்த மஃப்ளர் யாருக்கு, எதற்கு என்று யாராவது அதனிடம் சொன்னோமா? கதை இல்லாத வேலை பெரியவர்களுக்கே அலுக்கும்.

எங்கள் மலைக்குச் சொந்தமாகவே ஒரு கதை இருக்கிறது. பழநி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன், மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்து அதற்குப் போர்வை கொடுத்தவன். பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார், சிறுபாணாற்றுப்படையிலும் வருகிறது, கடையெழு வள்ளல்கள் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்த விஷயம்தான். அதையே பிள்ளைகளிடம், “பேகன் கொடுத்த போர்வையை நாம் பின்னிப் பார்ப்போமா, மயிலுக்கு எவ்வளவு அகலம் வேண்டும்?” என்று கேட்டால் போதும், சண்டை ஆரம்பித்துவிடும். தோகையையும் சேர்த்து மூட வேண்டுமா, கழுத்துக்கு ஓட்டை வேண்டாமா, உடம்பெல்லாம் இறகு இருக்கிற பறவைக்குக் குளிருமா. கடைசியில் ஒரு பொம்மை மயிலின் அளவுக்கு, எட்டாம் நம்பர் ஊசியில் இருபது கண்ணி (நூல் வளையம்) ஏற்றி, எல்லா வரிசையும் நிட் என்ற நேர்ப்பின்னல் மட்டுமே போட்டு ஒரு சதுரம். புதிதாகப் பின்னுகிறவர்களுக்குச் சதுரமும் செவ்வகமும்தான் வரும், அதை மாற்ற முடியாது. ஆனால் மஃப்ளருக்கு முகத்தைச் சுளிக்கிற பிள்ளை, மயில் போர்வை என்றால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. நிட் மட்டும் போட்ட துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரமும் சுருளாது என்பதால் போர்வைக்கு அது பொருத்தமும்கூட. (பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான், மயிலுக்கு இரங்கியவன் அவளுக்கு இரங்கக் கூடாதா என்று புலவர்கள் அவனைப் போய்க் கேட்ட கதையைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வேன். அவர்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கிறது.)

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஊசியே வேண்டாம். விரலிலேயே நூலை மாட்டிப் பின்னினால் கயிறு மாதிரி நீளமாக வரும். பச்சை நூலில் பின்னினால் அது பாரியின் முல்லைக்கொடி. தேரை அட்டையில் செய்துவிடலாம்.

அப்புறம் டிக்கென்ஸ். அவர் 1859-ல் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி நாவலில் மதுக்கடை நடத்தும் மதாம் தெஃபார்ஜ் எந்நேரமும் பின்னிக்கொண்டே இருப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது சாதாரணப் பின்னல், உண்மையில் யார் யாரைப் பழிவாங்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல் அந்தக் கண்ணிகளுக்குள் இருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் தங்கள் பெயரையும் பின்ன வேண்டும் என்றார்கள். பின்னலில் அடிப்படையில் இரண்டே அசைவுதான், நிட், அதன் மறுபக்கமான பர்ல். வழவழப்பான பரப்பில் ஒரு பர்ல் போட்டால் அந்த இடத்தில் ஒரு முண்டு எழும்பும். அப்படியானால் முண்டுகளை எண்ணிப் படிக்கலாம். மெய் பதினெட்டு, உயிர் பன்னிரண்டு, எனவே ‘கா’ என்றால் ஒரு வரிசையில் 1 முண்டு, அடுத்ததில் 2 முண்டு என்று முதலில் முடிவு செய்தோம். அதில் ஒரு தொல்லை, ‘ன்’ பதினெட்டாவது எழுத்து. நம் ஊரில் பாதிப் பையன்களின் பெயர் ‘ன்’னில்தான் முடிகிறது, ஒவ்வொருவனும் பதினெட்டு முண்டு போட்டுத் திண்டாடினான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் வழி கண்டுபிடித்தாள்: வல்லினம் 1, மெல்லினம் 2, இடையினம் 3, ஒவ்வொன்றிலும் ஆறு ஆறு எழுத்து. அதன்படி ‘மா’ என்றால் 2, 5, 2. மெல்லினம், அதில் ஐந்தாவது, உயிரில் இரண்டாவது. தனி உயிரெழுத்து வந்தால் இனத்துக்கான வரிசையில் முண்டே கிடையாது, புள்ளி வைத்த மெய்க்கு உயிருக்கான வரிசை காலி. எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டும் வல்லினம் மெல்லினம் மனதில் நிற்காத பிள்ளைகளுக்கு இப்போது ‘ழ’ எந்த இனத்தில் எத்தனையாவது என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இதற்கு மேல் ஒரு தமிழாசிரியைக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள்.

கதையில் மட்டும்தானா இப்படி என்று கேட்பவர்களுக்கு நிஜத்திலேயே ஒருவர் இருக்கிறார். பிலிஸ் லாட்டூர் என்ற பெண் 1944 மே மாதம் பிரிட்டனுக்காக உளவு பார்க்க நார்மண்டியில் பாராசூட்டில் இறங்கினார். சைக்கிளில் சோப்பு விற்கிற சின்னப் பெண் போல ஜெர்மன் வீரர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே 135 ரகசியச் செய்திகளை அனுப்பினார். சங்கேதக் குறிப்புகள் இருந்த பட்டுத் துணியை ஒரு பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டுகிற நாடாவுக்குள் செருகி வைத்திருந்தார். 2023-ல்தான், 102 வயதில் இறந்தார். இந்தக் கதைக்குப் பிறகு பின்னல் பெண்பிள்ளை வேலை என்று எங்கள் வகுப்பில் எந்தப் பையனும் சொல்வதில்லை.

என் மனதுக்கு மிக நெருக்கமானது அயர்லாந்து நாடகாசிரியர் ஜே. எம். சிங் எழுதி 1904-ல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு தி சீ’ என்ற ஓரங்க நாடகம். அரன் தீவில் ஒரு மீனவக் குடும்பம், கடல் ஒவ்வொருவராகக் கொண்டுபோகிறது. தொலைதூரக் கரையில் ஒதுங்கிய ஓர் உடலிலிருந்து எடுத்த சட்டையும் ஒரு காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. சட்டையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதே துணியில் எத்தனையோ பேர் சட்டை தைத்திருப்பார்கள். தங்கை காலுறையை எடுத்துக் கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது ஏற்றி அதில் நான்கைக் கைவிட்டது அவளுக்கு நினைவிருக்கிறது, எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அண்ணன்தான். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இதை நான் சொல்வதில்லை. சொன்ன பிறகு பிள்ளைகள் தங்கள் பின்னலில் தவறிய கண்ணியைப் பார்க்கிற பார்வையே வேறு, எந்த வரிசையில் எத்தனை போனது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் படித்த மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு நான் எண்ணக் கற்றுக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, வலைக்கண்ணி எண்ணிப் பழகிய கை.

வரலாற்றுப் பக்கம் வந்தால் எங்கேயும் தேடிப் போக வேண்டாம், போட்டிருக்கிற பனியனே போதும். பழைய பனியன் துணியில் ஒரு துண்டு வெட்டி பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் சின்னச் சின்ன ‘வி’ வடிவம், பின்பக்கம் முண்டு முண்டாக இருக்கும், வெட்டிய ஓரத்தை இழுத்தால் சுருண்டுகொள்ளும். கையில் இருக்கிற ஊசிப் பின்னலும் அப்படியேதான். திருப்பூரில் மிஷின் ஓடுவது தறி நெசவு இல்லை, பின்னல். இது தெரிந்ததும் பிள்ளைகளுக்கு வரும் ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருடைய சித்தப்பாவோ மாமாவோ பனியன் கம்பெனியில்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து கால்வர்ட்டனுக்குப் போகலாம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தில் இருக்கும் அந்த ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-ல் காலுறை பின்னும் கருவியைச் செய்தார். கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கும் என்று முதலாம் எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்பார்கள். ஏறக்குறைய இருநூற்று இருபது வருஷம் கழித்து, 1811-ல், அதே நாட்டிங்காம் வட்டாரத்தில் அந்தக் கருவிகளை வைத்தே பிழைத்த தொழிலாளர்கள், கூலி குறைந்து சரக்கும் தரம் கெட்டதும் இரவோடு இரவாக முதலாளிகளின் கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். கருவியை உடைத்தால் தூக்கு என்று 1812-ல் சட்டம் வந்தபோது அதை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் பேசியவர் கவிஞர் பைரன். தொழிற்புரட்சிப் பாடம் நடத்துகிறவர்கள் ஒரு பனியன் துண்டோடு வகுப்புக்குப் போய்ப் பார்க்கட்டும்.

தாத்தாக்கள் மார்கழியில் போடுகிற மங்கி குல்லா கூட ஒரு போரின் மிச்சம்தான். 1854-ல் கிரிமியாவில் சண்டை நடந்த பாலக்லாவா என்ற ஊரின் பெயர்தான் ஆங்கிலத்தில் அதற்கு. அதே ஊரில் குதிரைப்படைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பிரபுவின் பட்டப்பெயர் கார்டிகன், அது இப்போது முன்பக்கம் திறந்த ஸ்வெட்டராக நம் அலமாரியில் தொங்குகிறது.

உங்கள் கட்டுரையின் ‘பெண் குழந்தைகளுக்கு’ விஷயத்துக்கு வருகிறேன். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரிக்குள் டாக்கிலே என்று ஒரு தீவு. அங்கே பின்னுவது ஆண்கள். பையன்கள் சிறு வயதிலேயே குல்லா பின்னக் கற்றுக்கொள்கிறார்கள், ஒருவன் கல்யாணம் ஆனவனா ஆகாதவனா என்பதை அவன் குல்லாவைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-ல் மானுடப் பாரம்பரியமாக அறிவித்தது. ஐரோப்பாவிலும் பழைய பின்னல் சங்கங்கள் ஆண்களுடையவைதான். எனவே அந்த அடைமொழியை அடுத்த முறை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

சென்னைக்காரர்கள் கேட்பார்கள், எங்கள் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று. கம்பளி வேண்டாம், பருத்தி நூலில் பின்னுங்கள். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய ஊசிப் பின்னல்கள் எகிப்தில் கிடைத்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள்தான், அங்கே அடிக்காத வெயிலா!

செலவுக்குப் பயப்படவும் வேண்டாம். மூங்கில் குச்சியை உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்து, கடைசியில் ஒரு மணியை ஒட்டினால் ஊசி தயார். சின்னதாகிப் போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கண்டாகக் கட்டி அலசி, அடியில் ஏதாவது கனம் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருக்கம் போய்விடும். முதல் பின்னலுக்குக் கறுப்பு நூல் மட்டும் கொடுக்காதீர்கள், கண்ணியே தெரியாமல் பிள்ளை அழுதுவிடும். இடதுகைப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் எதிரே உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்து அது தானே செய்துகொள்ளும்.

பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1937-ல் காந்தி வார்தாவில் கைத்தொழில் வழியாகப் பாடம் என்று சொன்னார், என் வயதுக்காரர்கள் சிலர் பள்ளியில் நூல் நூற்கத் தக்ளி சுற்றியிருப்பார்கள். இன்று கால அட்டவணையில் கைவேலை என்று ஒரு பீரியடு இருந்தாலும் தேர்வு நெருங்கினால் கணக்கு டீச்சர் அதை வாங்கிக்கொள்கிறார், பல இடங்களில் தேர்வு நெருங்காவிட்டாலும். அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுத்தால் தையல் ஆசிரியையும் தமிழாசிரியையும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்தே நடத்தலாம், அரை மணி நேரம் போதும். பிள்ளைகள் பின்னிக்கொண்டே பாடம் கேட்டால் கவனம் சிதறும் என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். கை சும்மா இருக்கும்போது மேசைக்கு அடியில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவர் குனிந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

உங்கள் சிறுவர் மலரில் மாதம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்க முடியுமா? ஒரு கதை, அதற்கு ஒரு சின்னப் பின்னல், எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்ற குறிப்பு, அவ்வளவுதான். மயில் போர்வையும் எழுத்துச் சங்கேத அட்டவணையும் படத்தோடு தயாராக இருக்கின்றன, பணம் எதுவும் வேண்டாம். அடுத்து ஔவைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனியை யோசித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே பஞ்சு வைத்து உருண்டையாக மூடுவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. உருண்டை பின்னத் தெரிந்த வாசகர்கள் யாராவது இருந்தால் உங்கள் மூலமாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
கொடைக்கானல்.