மாலை விழாத கழுத்துகளுக்கு ஒரு நன்றி மடல்

பாம்பன் முதல் மூக்கையூர் வரை இந்தப் புயலில் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

சோறும் போர்வையும் தந்தவர்களுக்கு ஊர்க்கூட்டத்தில் மாலை போட்டாயிற்று. மாலை விழாத சிலர் பாக்கி. தாங்கள் செய்தது மனசுக்கான வைத்தியம் என்று அவர்களுக்கே தெரியாது.

முதல் நன்றி கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு. முகாமுக்குள் நுழைந்த ஒவ்வொருவரையும் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கு?" என்று முதல் நாளே கேட்டீர்கள். வலிப்பு மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம். மனநோய் மாத்திரை நின்றால் முதலில் தூக்கம் போகும், பின்னாலேயே பழைய பயமும் குரல்களும் திரும்பும். மனநோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா உள்ள ஏர்வாடிக் கரைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மருந்துச் சீட்டு நனைந்து கூழாகிவிட்டவர்களுக்கு, பழுப்புக் கவரில் பேனாவால் ஒரு சூரியன், ஒரு பிறை வரைந்து, காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் பிரித்துக் கொடுத்தீர்களே, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட ஒருவேளையும் தப்பவிடவில்லை.

அடுத்து, கழிப்பறைப் பாதைக்கு ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து பல்பு மாட்டிய தம்பிகளுக்கு. இருட்டுக்குப் பயந்து பெண்கள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது விஷமாகும்: உடம்பில் நீர் வற்ற வற்ற இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். வாந்தி, கை நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம் என்று வரும். பார்ப்பவர்கள் அதிர்ச்சி என்பார்கள். பல்பு எரிந்தால் தண்ணீர் குடிப்பார்கள், அவ்வளவுதான் கணக்கு.

மதுக்கடை மூடியதும் "நல்லதாப் போச்சு" என்று பலர் சொன்னார்கள். தினமும் குடித்து உடம்பு பழகியவருக்கு அது நல்லதல்ல. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள். அப்போது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர்களைப் பேய் பிடித்தது என்று கட்டிப்போடாமல் 108-ஐ அழைத்த இளைஞர்களுக்கும், குளுக்கோஸ் ஏற்றும் முன் மூளையைக் காக்கும் வைட்டமின் பி1 ஊசியை மறக்காமல் போட்ட மருத்துவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

முகாம் டிவியில் புயல் காட்சி திரும்பத் திரும்ப ஓடியபோது அதை அணைத்த ஆசிரியருக்கு நன்றி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைச் சிறுவயதில் கண்டவர்கள் இன்னும் இராமேசுவரம் தீவில் இருக்கிறார்கள். வாடைக்காற்று கொஞ்சம் ஓங்கினாலே அவர்களுக்குத் தூக்கம் கலையும். பாம்பன் துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணை மைக்கில் விளக்கிய பெரியவருக்கும் நன்றி. 1, 2 என்றால் புயல்சின்னம் தொலைவில் இருக்கிறது, 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை, 5 முதல் ஆபத்து, 8 முதல் 10 வரை பேராபத்து. வாட்ஸ்அப்பில் எல்லோரையும் நடுங்கவைத்த 11, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்ததைக் குறிப்பது. அதற்கப்புறம்தான் பாதிப்பேர் படுத்தார்கள்.

பேசச் சொல்லி யாரையும் நெருக்காதவர்களுக்கும் ஒரு கும்பிடு. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "நடந்ததைச் சொல்லு" என்று கிளறுவது பலன் தராது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களாகப் பேசினால் கேட்டு, தேவையானதை வாங்கித் தருவதே முதலுதவி. முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு, பெரும்பாலோருக்குத் தானே அடங்கும். பிள்ளைகள் புயல் விளையாட்டு விளையாடியதையும் பாயை நனைத்ததையும் அதட்டாமல் விட்ட அங்கன்வாடி அக்காக்களும் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

இனி, நிவாரண மனு எழுதிக் கொடுத்தவர்கள். எங்களைக் கேட்டால் இவர்களுக்குத்தான் பெரிய மாலை. அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலில் சிக்கியவர்களில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு முதல் விசாரிப்பில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஓராண்டு கழித்து அதே ஆட்களை விசாரித்தபோது 21 விழுக்காடு. குறைய வேண்டியது கூடியதற்குப் பெரிய காரணம், புயல் கொண்டுவந்த சிக்கல்கள் தீராமல் கிடந்தது. இங்கேயும் படகுக்கும் வலைக்கும் கணக்கெடுக்க ஆள் வரும். கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குப் படகு ஏது? அவர்கள் இழந்த கூலி எந்தப் பட்டியலிலும் ஏறாது. அதைத் தனி மனுவாக எழுதி, நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கொடுத்தீர்கள்.

கரை திரும்பாதவர்களின் வீடுகளுக்குப் போய்வந்தவர்களுக்கும் இதே நன்றி. உடல் கிடைக்காத வீட்டில் அழவும் முடியாது, காரியம் செய்யவும் மனம் வராது. பொதுச் சட்டப்படி ஏழாண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்வார்கள். "போனவர் போயிட்டார், தேத்திக்கம்மா" என்று சொல்லாமல், அரிசியும் ஸ்கூல் பீஸும் பார்த்துக்கொண்டீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, கடலைப் பார்க்க முடியவில்லை, குடி கூடிவிட்டது என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

முகாமில் விட்டுப்போன மாத்திரைக் கவர்கள் அந்தந்தத் துணை சுகாதார நிலையத்தில் பெயர் எழுதி வைக்கப்பட்டுள்ளன. உரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மனநலத் துணைத் தொண்டர்கள்,
இராமநாதபுரம் கடற்கரை